மடிப்புக்குள் போன லாரிகள்

வண்டி வருகிறதா என்று வீராயி அக்கா பார்ப்பதில்லை. இடது கையைத் தலைக்கு மேலே தூக்குவார், ரோட்டில் இறங்கிவிடுவார். நிற்பது வண்டிக்காரன் பொறுப்பு. பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, தினமும் காலையில் இது நடக்கிறது. பஸ் நிற்கும், கார் நிற்கும், அரியலூர்ப் பக்கமிருந்து சிமென்ட் ஏற்றி வரும் லாரியும் கிறீச்சிட்டு நிற்கும். தூக்கிய கையில் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். சின்ன வயதில் மாட்டுவண்டிச் சக்கரத்தில் மாட்டி ஒடிந்த விரல். வைத்தியர் கோணலாகக் கட்டிவிட்டார். "கட்டுனவன் கண்ணு அவிஞ்சவன்" என்று அந்த மனிதரையும் இன்றுவரை விட்டுவைக்கவில்லை.

யாராவது ஹாரன் அடித்துவிட்டால் போச்சு. நடு ரோட்டிலேயே நின்றுவிடுவார்.

"என்னாடா அவசரம்? எவன் மேல ஏத்தப் போற? எறங்கி வாடா, பேசிட்டுப் போவோம்."

குரல் உடைந்த குரல். பாதி காற்றாகவும் பாதி கரகரப்பாகவும்தான் வெளியே வரும். ஆனாலும் உள்ளே இருக்கிற டிரைவருக்கு எப்படியோ எட்டிவிடும். எட்டியதும் அவன் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான். அக்கா நிதானமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு இந்தப் பக்கம் வந்து, எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவார்.

மாடியை வினோதினி என்கிற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். பை தைக்கிற யூனிட் வைத்திருக்கிறாள். சுற்று வட்டாரத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தைக்கிறார்கள். ஜவுளிக்கடைப் பை, கல்யாணத் தாம்பூலப் பை, ஸ்கூல் பை என்று எது வந்தாலும் தைப்பார்கள். காலை முதல் சாயங்காலம் வரை என் தலைக்கு மேலே மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தோடு வீராயி அக்காவின் வசவும் ஓடும். நூல் அறுந்தால் நூலுக்கு, கரண்டு போனால் கரண்டுக்கு, டீ ஆறிப்போனால் டீக்கடைக்காரனின் பரம்பரைக்கு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டு அழுதபோது, அவள் விரலைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அக்கா திட்டியது ஊசியைத்தான். "ஒனக்குத் துணியில எடமே இல்லியா? புள்ள கையிதான் கெடச்சுதா?"

போனில் பதிவு செய்த குரல்களோடும் சண்டை போடுவார். நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை என்று அது சொன்னால், "நீ யாருடி நடுவுல? அவகிட்டக் குடு" என்பார். விளையாட்டுக்கு இல்லை. நிஜமாகவே கோபம்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் முதலில் முந்தானையால் அந்த இடத்தை மூன்று தட்டுத் தட்டுவார். தட்டு வைத்தால் தட்டைத் துடைப்பார். டம்ளரை ஊதுவார். என் வீட்டு நாற்காலியைக் கூட என் மனைவியின் கண்ணெதிரே தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்காவின் சொந்த ஊர் அரியலூருக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே மர இலை பச்சையாக இருக்காது. காலையில் துடைத்த பாத்திரத்தில் மத்தியானம் கோலம் போடலாம். மகளைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்து, அவளோடு வந்து சேர்ந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. கை இன்னும் அந்த ஊர்த் தூசியைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த யூனிட்டுக்குப் போன ஆடி மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஓவியர் கலைவாணனின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று வினோதினி என்னிடம் சொன்னாள். உடையார்பாளையம் பக்கத்து ஆள். இப்போது சென்னையில் இருக்கிறார். டெல்லி, பம்பாய் என்று எங்கெங்கோ அவர் படங்கள் மாட்டியிருக்கிறதாம். எல்லாமே நம் பகுதி மனிதர்களும் ஆடு மாடுகளும் காடு கழனியும்தான். அந்தப் படங்களை அன்றாடம் பெண்கள் போட்டுக்கொள்கிற, மாட்டிக்கொள்கிற சாமான்களாக மாற்றி விற்கிறது சென்னையில் ஒரு கம்பெனி. தோள்பை மட்டும் நம் யூனிட்டில் தைக்கிறார்கள். மற்றதெல்லாம் வேறு வேறு ஊர்களில்.

வினோதினி தன் போனில் அந்தச் சாமான்களைக் காட்டினாள். சுண்ணாம்புக்கல் குழியில் புல் தேடி அலைகிற ஆடு, விலா எலும்பு தெரிகிற ஆடு, காதுக்கு ஒன்றாக இரண்டு தோடாகத் தொங்கியது. மக்காச்சோளக் காடு கழுத்தில் சுற்றுகிற துப்பட்டாவாகியிருந்தது. பருத்தி எடுக்கிற பெண்ணின் குனிந்த முதுகு தலைமுடி கிளிப்பாகியிருந்தது. முதுகின் வளைவு கிளிப்பின் வளைவுக்கு அப்படியே பொருந்துகிறது என்று கீழே பெருமையாக எழுதியும் இருந்தார்கள். அந்த வலி ஒரு நாள் தன் முதுகில் இருந்திருந்தால், எழுதியவருக்கு அப்படி எழுதக் கை வந்திருக்காது.

படத்தைப் பையில் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவனோ பணக்காரன் வீட்டு ஹாலில் ஏசிக் காற்று வாங்கிக்கொண்டு மாட்டியிருக்கிற படம், டவுன் பஸ்ஸில் ஒரு பெண்ணின் தோளில் ஏறி ஊர் சுற்றினால் நல்லதுதான். நாலு பேர் பார்ப்பார்கள், இது என்ன என்று ஒருத்தராவது கேட்பார். ஆனால் எதைத் தோளில் ஏற்றுகிறோம், எதை இறக்கிவிட்டுப் போகிறோம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

யூனிட்டில் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். ஒரு பையை ஒருத்தி முழுதாகத் தைப்பதில்லை. ஒருத்தி பக்கங்களை மூட்டுவாள், ஒருத்தி அடியை மூட்டுவாள், ஒருத்தி கைப்பிடி வைப்பாள், ராசாத்தி கடைசியில் இஸ்திரி போட்டுக் கம்பெனியின் பெயர் அட்டையைக் கட்டுவாள். எல்லாவற்றுக்கும் முதல் வேலை வீராயி அக்காவுடையது. பையின் வாய்ப்பக்கத்தில் துணியை நாலு விரற்கடை அளவுக்கு உள்பக்கமாக மடித்துத் தைப்பது. மேல்மடிப்பு என்பார்கள். அதற்குத் துணியைக் குப்புறப் போட வேண்டும். படம் அச்சான பக்கம் மெஷின் பலகைமேல் கவிழ்ந்து கிடக்கும். மடிக்கிறவள் கண்ணில் வெள்ளைத் துணியும், மடிந்து மேலே வருகிற அந்த நாலு விரற்கடைப் பட்டையும் மட்டும்தான் படும். அடுக்கடுக்காகத் துணி வரும். மடிக்க வேண்டும், தைக்க வேண்டும், தள்ள வேண்டும். புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

அந்தப் பட்டையில் வரிசையாக லாரிகள் நின்றன.

"எவனோ லாரி ஓனரு வூட்டு விசேசத்துக்குக் குடுக்குற பை போல இருக்கு தம்பி. வரிசையா நிக்க வெச்சுருக்கான் பாருங்க, கெடா வெட்டுக்கு நிக்கிற மாதிரி" என்று படியில் என்னைப் பார்த்தபோது சொன்னார்.

லாரி என்றால் அக்காவுக்கு ஆகாது, அது தெருவுக்கே தெரியும். ஆனால் அந்த நாட்களில் அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். ஒவ்வொரு துணியாக எடுத்து, லாரிகள் தெரிகிற பட்டையை உள்ளே மடித்து, மடிப்பின்மேல் நகத்தை வைத்து அழுத்தி இழுப்பார். "உள்ள போ. கெட உள்ள. நாசமாப் போறவனே, உள்ள போ." டர்ரென்று ஒரு தையல். அடுத்த துணி. அடுத்த லாரி வரிசை. மற்ற பெண்கள் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். அக்கா சிரிக்கிற சத்தத்தை நான் கீழே உட்கார்ந்து கேட்டது அப்போதுதான் முதல் தடவை. ஒரு நாள் வினோதினியிடம், இதே கம்பெனியில் இன்னும் கொஞ்சம் ஆர்டர் கேளு புள்ள என்று வேறு சொல்லியிருக்கிறார்.

ஆவணி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை மாடியில் எல்லா மெஷினும் ஒன்றாக நின்றது. கரண்டு போகவில்லை, என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என்னவோ ஏதோ என்று மேலே ஓடினேன்.

உள்பக்கம் வெளியே தெரியத் தைத்த பைகளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் புரட்டி, ராசாத்தி இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டியிருந்தாள். வரிசையாக ஒரே படம். கிளிப்பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். தலை முடி அவிழ்ந்திருக்கிறது. வாயை அகலத் திறந்திருக்கிறாள். இடது கை தலைக்கு மேலே. அந்தக் கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது.

ராசாத்திதான் முதலில் பார்த்திருக்கிறாள். "யக்கா, இது ஒன் கையி மாதிரியே இல்ல?" என்று விளையாட்டாகக் கூப்பிட்டிருக்கிறாள். வீராயி அக்கா எழுந்து வந்து பார்த்திருக்கிறார். பிறகு பையில் கட்டியிருந்த அட்டையைக் காட்டி, என்ன போட்டிருக்கிறது, படி என்றிருக்கிறார். அப்போது படித்ததை, நான் மேலே வந்த பிறகு ராசாத்தி எனக்கும் ஒரு தடவை படித்தாள்.

"குலவை. ஓவியர் கலைவாணனின் புகழ்பெற்ற படைப்பு. ஊர்த் திருவிழாவில் குலவையிடும் கிராமத்துப் பெண்ணின் ஆனந்தம், இனி உங்கள் தோளில்."

அக்கா தன் மெஷினுக்குப் போய், இன்னும் மடிக்காத துணி ஒன்றை எடுத்து வந்து, தரையைத் தட்டிவிட்டு, படம் மேலே தெரியும்படி விரித்தார். அப்போதுதான் முழுப் படத்தையும் நாங்கள் பார்த்தோம். அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால், துணியின் மேல் ஓரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை லாரிகள் நிற்கின்றன. அவள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள். லாரிகளைப் பார்த்து அவள் வாயைத் திறக்கவில்லை, அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்மைப் பார்த்துத் திறந்திருக்கிறாள். அந்தப் பட்டை இருந்தால் அது அலறல். மடித்துவிட்டால் திருவிழா.

"நாந்தான்" என்றார் அக்கா. "இந்தச் சீலையை அன்னிக்குத்தான் கட்டியிருந்தேன். அப்பறம் தொடவே இல்ல."

அன்றைக்கு என்றால், அக்காவின் கணவர் அங்கமுத்து செத்த அன்றைக்கு. சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் சொசைட்டிக்குப் போனவர். கல் ஏற்றிப்போன லாரி பின்னாலிருந்து வந்தது. ஊர் கூடி மறியல் செய்தது. அக்கா ரோட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"மனுசன் அங்க கெடக்குறாரு தம்பி, பாலு ஒரு பக்கம் ஓடுது. பின்னாடி வரிசைகட்டி நிக்கிறவன் என்னா பண்ணுறான்? ஹாரன் அடிக்கிறான். லோடுக்கு நேரமாவுதாம். அப்பத்தான் கத்துனேன். கத்துனேன் கத்துனேன், பொழுது சாயிற வரைக்கும் கத்துனேன். அன்னிக்குப் போன தொண்டைதான், இன்னும் வரல. எவனோ பேப்பர்க்காரன் போட்டோ புடிச்சான். அதைப் பாத்துத்தான் வரைஞ்சிருப்பான் இவன். அதைப் போயி கொலவைங்கறான்."

அக்கா அழவில்லை. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"தாலி அறுத்தவள எவ கொலவைக்குக் கூப்புடுறா? எங்க அண்ணன் மவ சடங்குல, பந்தலுக்குள்ள வராத, ஓரமா நில்லுன்னு நிறுத்துனாளுவ. நின்னேன். ஒரு கொலவைக்கு ஒதவாதவன்னு ஊரு ஒதுக்கி வெச்சிருக்கு. இவன் என்னடான்னா புருசன் பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து என்னைய கொலவை போட உட்டுருக்கான்."

பிறகு, தைத்து முடித்த பை ஒன்றை எடுத்து வாயைப் பிளந்து உள்ளே பார்த்தார். மடிப்பில் லாரிகள் தலைகீழாக நின்றன.

"எங்கையாலதான் மடிச்சேன். அத்தனையும். சிரிச்சுக்கிட்டே மடிச்சேன்."

எனக்குப் பக்கத்தில் நின்ற வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். மடிக்க வேண்டிய அளவைச் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தவள் அவள். அவளுக்கும் முழுப் படத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. கம்பெனி அனுப்பிய அளவு அது.

மறுநாளிலிருந்து அக்கா வந்தார், மெஷினைத் தட்டினார், உட்கார்ந்தார். துணியைத் தொடவில்லை. வினோதினி கெஞ்சிப் பார்த்தாள். இந்த ஆர்டர் போனால் ஏழெட்டு வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம் என்று அவள் சொன்னது பொய்யில்லை. அக்காவுக்கும் அது தெரியும். "நீ தைய்யி, வேணாங்கல. எங்கையி அதை மடிக்காது. கம்பெனிக்காரனுவ வரட்டும். நான் ஒண்ணுதான் கேப்பேன். லாரி தெரியணும். என் மூஞ்சிய வேணும்னா மடிச்சுக்க, லாரி வெளிய தெரியணும்." மேல்மடிப்பு வேலை ராசாத்திக்குப் போனது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மடித்தாள். பழக்கமில்லாத கை, கோணல்மாணலாக வந்தது. அதையும் பிரித்துப் பிரித்துத் தைத்தார்கள்.

அவர்கள் வந்தார்கள். பை தைக்கிற பெண்களை வீடியோ எடுத்துப் போட்டால் விற்பனைக்கு நல்லது என்று முன்பே முடிவு செய்திருந்த பயணம்தான். டிசைன் பார்க்கிற சண்முகப்பிரியா, காதில் இரண்டு ஆடும் ஆட வந்தாள். கூடவே ஓவியர் கலைவாணனும். மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தார், எல்லோருக்கும் கும்பிடு போட்டார், கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். திட்டுவதற்கு ஒரு மூஞ்சி கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு, திட்ட வராத மூஞ்சியாக இருந்தது.

வினோதினி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். கலைவாணன் எழுந்து நின்றுவிட்டார். வீராயி அக்காவின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. "அம்மா, நீங்களா? உங்களைத் தேடணும்னு எத்தனையோ தடவை நெனச்சிருக்கேன்."

"நெனச்சீங்க" என்றார் அக்கா. "அரியலூருல எறங்கி, லாரியில அடிபட்டவன் பொண்டாட்டி வூடு எதுன்னு கேட்டா சின்னப் புள்ள சொல்லியிருக்கும்."

"உங்க படத்தாலதாம்மா இந்தப் பக்கத்துப் பிரச்சினை வெளியூருக்கெல்லாம் தெரிஞ்சுது. டெல்லியில அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு அழுதிருக்காங்க."

"அழுதாங்க, சரி. லாரி நின்னுச்சா?"

அக்கா விடவில்லை. பையைத் தூக்கிக் காட்டினார். "லாரியை ஏங்க உள்ள மடிச்சீங்க?"

கலைவாணன் சண்முகப்பிரியாவைப் பார்த்தார். படத்தை எங்கேயும் வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கறாராக எழுதி வாங்கியிருந்தாராம். அதைத்தான் அவளிடம் கேட்டார்.

"நாங்க வெட்டவே இல்லையே சார்" என்றாள் அந்தப் பெண். "முழுப் படமும் துணியில இருக்கு. மடிச்சிருக்கோம், அவ்வளவுதான். லாரி தெரிஞ்சா பை பாக்கக் கொஞ்சம் கனமா ஆயிடுது சார். காலேஜ் பொண்ணுங்க, ஆபீஸ் போறவங்க, லாரி படம் போட்ட பையை மாட்ட மாட்டாங்க. அவங்களுக்கு ஒரு பாசிட்டிவ் ஃபீல் வேணும்."

கலைவாணன் பையை வாங்கி, வாயைப் பிளந்து உள்ளே எட்டிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இந்த மனிதர் அந்தப் பையைத் தரையில் வீசுவார், என் படத்தை எடுத்துக்கொண்டு போகிறேன் என்பார் என்று முட்டாள்தனமாகக் காத்திருந்தேன். அவர் மெதுவாகப் பையை மூடினார். "ஆமா, முழுசாத்தான் இருக்கு" என்றார். "பையைப் பாக்கிறவங்க ஒரிஜினலைத் தேடிப் போவாங்கம்மா. அப்ப லாரியைப் பார்ப்பாங்க."

படம் வரையத் தெரிந்த கை. ஒரு பெண்ணின் தொண்டை கிழிகிறதை வாய்ச் சத்தமே இல்லாமல் துணியில் காட்டத் தெரிந்த கை. அந்தக் கை பையை மூடி, இஸ்திரி மேசைமேல் பத்திரமாக வைத்ததை நான் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை என்று எழுதினேன். கெட்டவராக இருந்திருந்தால் நான் இந்த அளவுக்குக் கொதித்திருக்க மாட்டேன்.

சண்முகப்பிரியாவுக்கு அதற்குள் வேறு யோசனை வந்துவிட்டது. அவள் கண்ணெல்லாம் மின்னியது. "சார், இவங்களே தைக்கிறாங்க, இவங்களே படத்துல இருக்காங்க! எவ்வளவு பெரிய ஸ்டோரி! அக்கா, அந்தப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஜன்னல்கிட்ட நில்லுங்க. நான் சொன்னதும் கையைத் தூக்கி ஒரே ஒரு குலவை போடுங்க. ஒண்ணு போதும்."

மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். ராசாத்தி மட்டும் "அய்யோ" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணின் போனைப் பிடுங்கி மாடியிலிருந்து எறிய வேண்டும் போலிருந்தது. சின்னப் பெண். நல்ல மனசோடுதான் கேட்டாள். நல்ல மனசை வைத்துக்கொண்டு இவர்கள் செய்கிற வேலை இருக்கிறதே!

வீராயி அக்கா வசவு பாடவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு தன் மெஷினுக்குப் போனார். பலகையைத் தட்டினார். உட்கார்ந்தார். நூல் அறுக்கிற பிளேடை எடுத்து, முன்பக்கத்து மேல்மடிப்பில், கைப்பிடியின் இரண்டு முனைக்கும் நடுவில் இருந்த தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். அவர் போட்ட தையல், நெருக்கமான தையல், லேசில் விடவில்லை. நூல் துணுக்குகளை ஊதித் தள்ளினார். பிறகு மடிப்புக்குள் விரலை விட்டு, பட்டையை மேலே எடுத்தார். அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் லாரிகள் எழுந்து நின்றன.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"இப்ப எடு."

சண்முகப்பிரியா போனைத் தூக்கினாள். திரையைப் பார்த்தாள். இறக்கிவிட்டாள். கலைவாணன் ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, அரியலூரில் இன்னொருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பை விற்கிறது. நன்றாகவே விற்கிறது என்கிறாள் வினோதினி. மேல்மடிப்பு இப்போது ராசாத்திக்குக் கோணாமல் வருகிறது. கம்பெனி ஒரே ஒரு திருத்தம் செய்தது. புது அட்டைகளில் 'வீராயியின் குலவை' என்று பெயரைச் சேர்த்திருக்கிறது. மரியாதை செய்கிறார்களாம். அந்த அட்டை வந்த அன்றைக்கு வினோதினி அழுதாள், ஆனால் கட்டினாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். வீராயி அக்காவும் சொல்லவில்லை. அவர் இப்போது ஜவுளிக்கடைப் பைகளுக்கு மேல்மடிப்புத் தைக்கிறார், துணியைத் தைப்பதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு. இதனால் வேலை மெதுவாகிறது என்று யாரும் அவரிடம் சொல்லத் துணியவில்லை.

பிரித்த பையை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில்தான் சோற்றுத் தூக்கையும் மூக்குக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு தினமும் வருகிறார். ஒரே ஒரு தொந்தரவு. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் நன்றாகப் படிந்த மடிப்பு அது. துணிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. எவ்வளவு நிமிர்த்திவிட்டாலும் பட்டை தானாக மடிந்து உள்ளே விழுகிறது. நாலு தடவை துவைத்தும் பார்த்துவிட்டார். "மடிஞ்சே பழகிப் போச்சு சனியன்" என்று துணியைத் திட்டுகிறார். நிமிர்ந்து நிற்க உள்ளே கெட்டி அட்டை வைத்துத் தைத்துக்கொள்ளலாமே என்று ராசாத்தி சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார்.

இன்று காலை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் வீராயி அக்கா வந்து நின்றார், பை தோளில். அரியலூர்ப் பக்கமிருந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவர் இடது கையைத் தூக்கினார், சுண்டுவிரல் வளைய. முதல் லாரி நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. யாரோ ஹாரன் அடித்தார்கள். அக்கா நடு ரோட்டில் நின்று திரும்பினார். அந்த நேரத்தில் காற்றடித்துப் பையின் பட்டை மடிந்து உள்ளே விழுந்தது. அவர் திட்டவில்லை, நகரவும் இல்லை. தூக்கிய கையை இறக்காமல், வலது கையால் தோளிலிருந்த பையைத் தடவி, மடிந்த லாரிகளை வெளியே எடுத்து நிமிர்த்தி, அவை மறுபடி விழாதபடி விரல்களால் பிடித்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து வந்தார்.